குறும்புக் குறுக்கெழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை நூலகத்திலும், செந்தூர் பாசஞ்சரிலும், பந்தி முடிந்து கல்யாண வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் ஒரே சந்தேகங்கள்தாம் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறேன். பொருளை மட்டும் கொடுத்துச் சொல்லைக் கேட்கும் சாதாரண வகை இதில் கிடையாது. சொல்லை உடைத்து, ஒளித்து, திருப்பி வைக்கும் குறும்புக் குறிப்புகளைப் பற்றி மட்டும்தான் பேச்சு. உதாரணக் குறிப்புகள் நம்ம ஊர்ச் சரக்கை வைத்து நானே கட்டியவை. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

"அர்த்தம் கொடுப்பாங்க, சொல்லை எழுதுவோம். அதுதானே அண்ணாச்சி குறுக்கெழுத்து? இதுல என்ன புதுசு?"

நீங்கள் சொல்வது 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் தொடங்கிவைத்த வகை. அது இங்கிலாந்துக்குப் போனபின் 1920களில் ஆட்டம் மாறியது. 1926 முதல் அப்சர்வர் பத்திரிகையில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் எழுதிய குறிப்புகள், விடையை நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டன. அந்த வழியில் வந்த குறிப்பில் இரண்டு பாகம் இருக்கும். ஒன்று விடையின் பொருள். இன்னொன்று அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக் காட்டும் சொல்விளையாட்டு.

இதைப் பாருங்கள்: *இரவு வந்துவிடு, நெல்லைப் பண்டம் (3).* படித்ததும் டவுனில் பொழுது சாயும்போது திறக்கும் கடை ஞாபகம் வரும். வரட்டும், ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள். இரவுக்கு 'அல்' என்று ஒரு பெயர் உண்டு; அல்லும் பகலும் என்கிறோமே, அந்த அல். 'வந்துவிடு' என்றால் வா. இரண்டும் சேர்ந்தால் அல்வா. 'நெல்லைப் பண்டம்' நேர்ப்பொருள். இரண்டு வழியிலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதால், விடை சரியா என்று அடுத்த வார இதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரணக் குறுக்கெழுத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது.

"பொருள் எது, விளையாட்டு எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? எனக்கு எல்லாம் ஒரே வாக்கியமாத்தான் தெரியுது."

அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறார்கள். பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் வராது. ஆகவே முதல் சில சொற்களை மறைத்துப் பாருங்கள், அப்புறம் கடைசிச் சொற்களை மறைத்துப் பாருங்கள். *அம்மா லைட்டைப் போட, உள்ளே அந்திப் பொழுது (2).* 'அந்திப் பொழுது' பொருள் என்று வைத்துக்கொண்டால், மீதியில் 'உள்ளே' என்ற சொல் துருத்திக்கொண்டு நிற்கிறது. எதற்கு உள்ளே? 'அம்மா லைட்டை' என்பதற்கு உள்ளேதான். முன்னால் 'அம்', பின்னால் 'ட்டை' போக நடுவில் மா, லை. விடை மாலை.

இதில் அம்மாவும் இல்லை, விளக்கும் இல்லை. காற்புள்ளியையும் ஆச்சரியக்குறியையும் சுத்தமாக மறந்துவிடுங்கள். அவை வாக்கியத்தை நம்பவைக்க மட்டும் போடுபவை. சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் அப்படித்தான்.

தமிழில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நமக்கு வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். அதனால் 'கிடைக்கும்', 'வரும்', 'ஆகும்' என்று முடிகிற குறிப்பில் அந்தக் கடைசிச் சொல் வெறும் ஒட்டாகவும், பொருள் அதற்கு முந்தின சொல்லாகவும் இருக்கலாம். கறாரானவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

"புள்ளி வச்ச எழுத்துக்குத் தனிக் கட்டமா?"

ஆமாம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து: உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எதுவானாலும் ஒன்றுதான். திருநெல்வேலிக்கு 6 கட்டம், பாளையங்கோட்டைக்கு 7, அம்பாசமுத்திரத்துக்கு 9. காலும் கொம்பும் எழுத்தோடு சேர்ந்தவை, அவற்றுக்குத் தனிக் கட்டம் இல்லை. ஆனால் அவை வேறு விதத்தில் வேலை வாங்கும், பின்னால் வருகிறேன்.

"கலைந்து, குழம்பி, தடுமாறி, சிதறி... இந்த மாதிரி வார்த்தையா வருதே, அதுக்கு ஏதும் அர்த்தம் உண்டா?"

எழுத்துகளை இடம் மாற்றிப் போடு என்பதற்கான சாடை அது. *கல் சரி, கலைத்துப் போட்டால் பருத்தி விளையும் மண் (4).* 'கல் சரி' என்பதில் க, ல், ச, ரி என நான்கு எழுத்து. கலைத்தால் கரிசல். கோவில்பட்டிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் இருக்கிற மண். *தருமம் தடுமாறும் வயல் நிலம் (4)* என்பதும் இதே வகை. த, ரு, ம, ம் என்பதை மாற்றி அடுக்கினால் மருதம்.

எந்த எழுத்துகளைக் கலைக்க வேண்டுமோ, அவை குறிப்பில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'அறம் தடுமாறும் வயல் நிலம்' என்று எழுதினால், முதலில் அறத்தைத் தருமமாக ஊகித்து, பிறகு அதைக் கலைக்க வேண்டும். அது விளையாட்டில்லை, வதை. சாடைச் சொல்லுக்குப் பக்கத்தில் விடையின் எழுத்து எண்ணிக்கையோடு சரியாகப் பொருந்தும் சொல் இருக்கிறதா என்று முதலில் எண்ணுங்கள். இருந்தால் அந்த எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதிப் பாருங்கள். வரிசையாக எழுதினால் கண் பழைய சொல்லையே திரும்பத் திரும்பப் படிக்கும்.

"தலை போன, வால் இழந்த, அடி தேய்ந்தன்னு ஒரே கை கால் முறிவா இருக்கே?"

தலை என்றால் முதல் எழுத்து. வால், கடை, அடி எல்லாம் கடைசி எழுத்து. இடை, வயிறு, இதயம் என்று வந்தால் நடு எழுத்து. 'தொடக்கம்', 'முடிவு' என்று நல்ல பிள்ளையாகவும் கேட்பார்கள்: *சொல்லின் தொடக்கம், நதியின் முடிவு, தேங்காய்ப்பால் குழம்பு (2).* சொல்லில் சொ, நதியில் தி. மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதி.

கொஞ்சம் பெரியது: *அடி போன செம்பும் ஆயிரம் யானை வென்றவன் பாட்டும் சேர்ந்து அம்பாசமுத்திரம் வழியே ஓடுவது (6).* செம்பு என்றதும் தண்ணீர் குடிக்கிற பாத்திரம் கண்முன் வரும், அதுவும் அடி போன செம்பு. குறிப்புக்காரர் சொல்வது உலோகத்தை. தாமிரம் தன் கடைசி எழுத்தை இழந்தால் 'தாமிர'. போரில் ஆயிரம் யானையை வென்ற வீரனைப் பாடும் இலக்கியம் பரணி. தாமிரபரணி. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், வாக்கியத்தில் முதலில் தோன்றுகிற பொருளைச் சந்தேகப்படுங்கள்.

"மாட்டுக்குக் கால் ஒடிஞ்சா மடுவாம். இது என்ன அநியாயம்?"

அந்தக் குறிப்பு இது: *கால் ஒடிந்த மாடு, ஆற்றுப் பள்ளம் (2).* அநியாயம் இல்லை, தமிழுக்கு வாய்த்த வசதி. 'மா'வில் இருக்கிற துணைக்காலை எடுத்துவிட்டால் 'ம'. மாடு மடுவாகிவிடும். நம் எழுத்தில் கால் இருக்கிறது, கொம்பு இருக்கிறது, சுழி இருக்கிறது, தலையில் வைக்கப் புள்ளி இருக்கிறது. பாதி மிருகமும் பாதி கோலமும் ஏற்கெனவே எழுத்துக்குள் நிற்கும்போது குறிப்புக்காரர் சும்மா இருப்பாரா? *பண்ணுக்குக் கொம்பு முளைத்தால் கல்யாணத்துக்குப் பார்ப்பது (2).* பண்ணுக்கு ஒரு கொம்பு போட்டால் பெண். இந்த இடத்தில் ஆங்கிலக் குறுக்கெழுத்தின் விதிகளைப் பார்த்துத் தயங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர்கள் எழுத்துக்குக் காலும் இல்லை, கொம்பும் இல்லை.

இன்னொரு கிளை வகை 'நீண்டால்', 'குறுகினால்'. குறிலை நெடிலாக்கு, நெடிலைக் குறிலாக்கு என்று பொருள். *பல் நீண்டால் பசு தருவது (2)* என்றால் பால்.

பழைய புத்தகம் படித்துப் பழகிய பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணா, றா, னா மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது. எழுத்தே சுழித்துக்கொண்டு நிற்கும். ணை, லை, ளை, னை நான்கும் வேறு வடிவம். கால் ஒடிக்கும் குறிப்புகள் இன்றைய அச்சு வடிவத்தை வைத்துத்தான் எழுதப்படுகின்றன.

"திரும்பினால்னு வந்தா அப்படியே கடைசியிலிருந்து படிச்சாப் போதுமா?"

போதும். *சாமி திரும்பினால் நெருக்கடி நிலையில் பலரைச் சிறைவைத்தது (2).* சாமியைத் திருப்பினால் மிசா, 1971இல் வந்த சட்டம். எழுத்தைத்தான் திருப்ப வேண்டும், எழுத்துக்குள் இருக்கும் ஒலியை அல்ல. 'மரா மரா' என்று சொல்லச் சொல்ல 'ராம' ஆயிற்று என்கிற வால்மீகி கதை போதும் இதைப் புரிந்துகொள்ள. இரு பக்கமும் ஒரே மாதிரி படிக்கிற மாலைமாற்றைத் திருஞானசம்பந்தர் ஒரு முழுப் பதிகமாகவே பாடியிருக்கிறார். ஆகவே இது இறக்குமதிச் சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

நம் வார இதழ்க் குறுக்கெழுத்துகளில் 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்று கட்டத்திலேயே திருப்பிப் போடும் வழக்கம் உண்டு. அது வேறு. அங்கே விடை நேராகத்தான் இருக்கும், எழுதுவதுதான் திருப்பி.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைக்கிற வகைதான் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது."

பலருக்கும் அப்படித்தான். இதில் இரண்டு துண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, எது எதற்குள் என்றும் பார்க்க வேண்டும். *தலையும் வாலும் போன விருப்பம் கட்டிக்குள், பனை இனிப்பு (6).* விருப்பத்துக்குத் தலை வி, வால் ம். இரண்டும் போனால் 'ருப்ப'. அதற்குத் தனியாகப் பொருள் இல்லை, பரவாயில்லை. 'கட்டி' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு அப்புறம் இதைச் செருகினால் க-ருப்ப-ட்டி. கருப்பட்டி.

துண்டுக்குப் பொருள் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். 'உள்ளே', 'விழுங்கிய', 'சுற்றி', 'அணைத்த', 'நடுவே புகுந்த' இவையெல்லாம் சாடைச் சொற்கள். 'விழுங்கிய' என்றால் விழுங்கியவர் வெளியே, விழுங்கப்பட்டது உள்ளே. இதில் குழப்பம் வந்தால் தாளில் வெளிச்சொல்லைக் கொஞ்சம் இடைவெளிவிட்டு எழுதிக்கொண்டு, உள்ளதை ஒவ்வோர் இடைவெளியிலும் வைத்துப் பாருங்கள். மூன்றெழுத்துச் சொல்லில் இரண்டே இடைவெளிதான்.

"சேர்க்கும்போது சந்தி வந்து எழுத்தே மாறிப் போகுதே, அதை என்ன செய்ய?"

மாறட்டும். *உரலில் இடி, விஷம் சேர், அருவி ஊர் (5).* உரலில் இடிப்பதற்குக் குற்றுதல் என்று பெயர், ஆகவே 'குற்று'. விஷம் ஆலம். குற்று + ஆலம் = குற்றாலம். 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான் இங்கே நடக்கிறது. குறிப்புக்காரர் இலக்கண விதிப்படி சேர்த்திருந்தால் அது நியாயமான ஆட்டம். அவர் வசதிக்கு ஓர் எழுத்தைத் தின்றிருந்தால் சண்டை போடலாம்.

உண்மையில் இந்த வகைக்கு நம் இலக்கணத்தில் பெயரே இருக்கிறது: பொதுமொழி. எட்டு என்றால் எண். எள் + து என்று பிரித்தால் எள்ளைத் தின்னு. வேங்கை மரம், வேம் + கை என்றால் வேகிற கை. பத்தாம் வகுப்புப் பாடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்துபோன விஷயம் இப்போது உதவிக்கு வருகிறது.

வேற்றுமை உருபும் இந்த வேலையைச் செய்யும். *திருச்செந்தூரில் எதைப் பார்க்கிறோமோ அது கோவில்பட்டியில் மிட்டாய் (3).* செந்தூரில் எதைப் பார்க்கிறோம்? முருகனைத்தான் என்று அடித்துச் சொல்வீர்கள். அவனுக்குப் பின்னால் இருக்கிற கடலை, என்பது குறிப்புக்காரர் பதில். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கடலுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

"குறிப்பு 'சாப்பிட்டது'ன்னு முடியுது, விடை 'விருந்து'ன்னு வருது. வினைக்குப் பெயர் எப்படி விடையாகும்?"

நல்ல கேள்வி. குறிப்பு இது: *பாதி விரும்பி, தலைகாட்டாமல் வந்து சாப்பிட்டது (4).* 'விரும்பி' நான்கெழுத்து, அதில் பாதி 'விரு'. 'வந்து' தலைகாட்டாவிட்டால் 'ந்து'. விருந்து. இப்போது 'சாப்பிட்டது'. நாய் சாப்பிட்டது என்றால் வினைமுற்று. நேற்று நான் சாப்பிட்டது என்றால் சாப்பிட்ட பொருள், அதாவது பெயர். வடிவம் ஒன்றுதான். படிக்கும்போது யாரோ வேண்டாவெறுப்பாக வந்து சாப்பிட்டுப் போன கதை மாதிரி இருக்கும்; பொருளாக எடுக்கும்போது அது பெயராகிவிடும். மிசா குறிப்பில் 'சிறைவைத்தது' என்று முடிந்ததும் இதே தந்திரம்.

அஃறிணையில் -அது என்று முடிகிற எந்தச் சொல்லையும் இரண்டு விதமாகவும் படித்துப் பாருங்கள். 'படி', 'ஆடு', 'ஓடு' போன்றவை இன்னும் மோசம், ஏவலாகவும் பெயராகவும் நிற்கும். விடை பெயர்ச்சொல் என்றால் பொருளும் பெயராகப் படிக்க இடம் கொடுக்க வேண்டும். இந்த நாணயம் தவறினால் குறிப்பு தப்பு.

"எட்டுன்னு சொன்னா 'அ' போடணுமாமே, யார் சொன்னது?"

தமிழ் எண்கள் சொன்னது. க 1, உ 2, எ 7, அ 8, ய 10. 'எட்டேகால் லட்சணமே' என்று ஔவை பாடியதாகச் சொல்லும் வசவைக் கேட்டிருப்பீர்கள். எட்டு அ, கால் வ, ஆக மொத்தம் அவலட்சணம். குறும்புக் குறிப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. *குருவியின் தலை போய் எட்டு உட்கார, குற்றாலத்தில் விழுவது (3).* குருவியில் கு போய் அ வந்தால் அருவி.

சுரம் என்று வந்தால் ச, ரி, க, ம, ப, த, நி ஏழில் ஒன்று.

"காதில் விழுந்தால், சொல்லக் கேட்டால்னு வருதே. தமிழ்ல எழுதுறபடிதானே படிக்கோம்?"

எழுதுகிறபடி படிக்கிறோமா? வாழைப்பழம் வாங்கும்போது என்ன சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள். *தாளை இரண்டாக்கு என்று நம்மூர்க்காரர் சொல்லக் கேட்டால் பச்சைப் பறவை (2).* தாளைக் கிழி. நம்மவர் வாயில் கிளி. வடக்கே சில இடங்களில் ழகரம் யகரமாகக் கேட்கும், அங்கே இந்தக் குறிப்பு செல்லாது. அதனால்தான் 'நம்மூர்க்காரர்' என்ற சொல் குறிப்பில் இருக்கிறது. ர-ற, ன-ண குழப்பமும் இந்தக் கணக்கில் சேரும்.

"கொடைன்னு விடை வந்துச்சு. மெட்ராஸ்ல இருக்கிற என் மச்சான் ஒத்துக்கவே மாட்டேங்கான். ஊர்ப்பேச்சை விடையா வைக்கலாமா?"

*வள்ளல் தருவதும் அம்மன் கோயிலில் கொண்டாடுவதும் (2)* என்ற குறிப்புதானே? இதில் விளையாட்டே இல்லை, இரண்டு பொருளைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மச்சானுக்குக் கோயில் கொடை தெரியாவிட்டாலும் வள்ளல் தருவது தெரியும். ஒரு பக்கம் பொதுச்சொல்லாக இருந்தால் மறுபக்கம் வட்டாரச் சொல் இருக்கலாம் என்பது என் கட்சி. இரண்டு பக்கமும் ஊர்ப்பேச்சாக வைத்தால் அது நம்ம தெருவுக்கு மட்டும் எழுதிய புதிர்.

"பாதிக் கட்டம் காலியா நிக்குது. ஒண்ணு ரெண்டு எழுத்துதான் கிடைச்சிருக்கு. மீதியை ஊகிக்க வழி உண்டா?"

உண்டு, தமிழில் நிறையவே உண்டு. ஒரு கட்டத்தில் ங் விழுந்தால் அடுத்த கட்டம் பெரும்பாலும் க வரிசை. ஞ் என்றால் ச வரிசை, ந் என்றால் த வரிசை. ற் வந்தால் அடுத்து ற, க, ச, ப நான்கில் ஒன்றுதான். க், ச், ட், த், ப், ற் இவற்றில் எதுவும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. கடைசிக் கட்டத்தில் இவை வந்தால் குறுக்கே போகிற விடை தப்பு என்று பொருள். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. ட, ண, ழ, ள, ற, ன வரிசைகளும் வராது, வந்தால் டவுன், டீ மாதிரிச் சொல்.

இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். இடமிருந்து வலம் போகிற விடையின் மூன்றாம் எழுத்தில் ஒரு மேலிருந்து கீழ்ச் சொல் தொடங்கினால், அந்த மூன்றாம் எழுத்து மெய் இல்லை என்று இலவசமாகத் தெரிந்துவிடும். எனவே காலிக் கட்டத்தில் ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். 'உள்ளே', 'ஒளிந்த' என்று வருகிற குறிப்பையும், கலைக்கும் குறிப்பையும் முதலில் முடியுங்கள், விடையின் எழுத்துகள் குறிப்பிலேயே கிடப்பவை அவைதாம். அப்புறம் அவற்றைக் குறுக்கே வெட்டிப் போகும் சொற்கள்.

"அகராதி பார்த்தா அது போங்காட்டம்தானே?"

இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது, தாராளமாகப் பாருங்கள். ஆனால் விடையைக் கட்டிவிட்டு, அதற்கு அந்தப் பொருள் உண்டா என்று சரிபார்க்கத்தான் அகராதி. பொருளைத் தேடி விடையைப் பிடிக்கப் போனால் இருநூறு சொல் வந்து நிற்கும்.

"ஒரே குறிப்புக்கு ரெண்டு விடையும் பொருந்துது. எதை எழுத?"

*தெய்வம் திரும்பும் பழைய சட்டம் (2)* என்று ஒரு குறிப்பு இருந்தால், சாமி திரும்பி மிசா ஆனதா, மிசா திரும்பி சாமி ஆனதா? 'திரும்பும்' நடுவில் நின்று இரண்டு பக்கமும் கை நீட்டுகிறது. தெய்வம் திரும்பும் என்று நிறுத்திப் படித்தால் மிசா, திரும்பும் பழைய சட்டம் என்று சேர்த்துப் படித்தால் சாமி. இது எழுதியவர் தவறு. குறுக்கே வரும் எழுத்து கிடைக்கும்வரை பென்சிலில்கூட எழுத வேண்டாம். நல்ல குறிப்புக்காரர் 'திரும்பினால்' என்று போட்டுத் திசையைக் காட்டிவிடுவார், முந்தின மிசா குறிப்பைப் பாருங்கள்.

"நானும் ஒண்ணு எழுதினேன் அண்ணாச்சி: 'தெற்கே உள்ள காசி, குற்றாலத்துப் பக்கத்து ஊர் (4)'. எப்படி இருக்கு?"

விடை தென்காசி, கணக்கு சரி. ஆனால் விளையாட்டு எங்கே? தெற்கே உள்ள காசி என்றுதான் அந்த ஊருக்கே பெயர். உடைத்த துண்டுகள் முழுச்சொல்லில் செய்த வேலையையே வெளியிலும் செய்கின்றன. உடைத்தால் துண்டு வேறு ஆளாக மாற வேண்டும். 'அல்வா'வில் இரவு இல்லை, 'குற்றால'த்தில் விஷம் இல்லை, அதனால்தான் அவை தேறின.

இப்படி மாற்றிப் பாருங்கள்: *தேன் குறுகி, உலகம் வாலிழந்து, குற்றாலத்துப் பக்கத்து ஊர் (4).* தேன் குறுகினால் தென். உலகத்துக்குக் காசினி என்று ஒரு பெயர், அதன் வால் போனால் காசி. படிக்க ஏதோ பிரளயம் மாதிரி இருக்கிறது, தென்காசிக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"பழகிப் பார்க்க ரெண்டு மூணு கொடுங்களேன்."

*1. விதைநெல் லைசென்ஸ் உள்ளே ஓர் ஊர் (3)*

*2. பத்தமடையில் நெய்ததும் தாவு (2)*

*3. ஒற்றைக்கொம்பு ஒடிந்த கொடையில் பறவை (2)*

முதலாவது, அம்மா லைட்டைப் போட்ட வகை: விதைநெல் லைசென்ஸ், நெல்லை. இரண்டாவது கொடை மாதிரி இரட்டைப் பொருள்: பாய். மூன்றாவதுக்கு மாட்டுக் கால் பதிலைப் பாருங்கள். 'கொ'வில் கொம்பும் உண்டு, காலும் உண்டு. கொம்பு மட்டும் ஒடிந்தால் கால் மிஞ்சும்: காடை. 'டை'யில் இருப்பதும் கொம்புதானே என்று கேட்பீர்கள். அது ஒற்றைக்கொம்பு இல்லை.